பறவை பார்க்கப் போறீங்களா? பளபளப்பை மறைச்சிடுங்க!

ஐப்பசி பிறந்தால் மூக்கனேரி, டேனிஷ்பேட்டை ஏரி, மேட்டூர் அணைக்கரை எல்லாம் வலசை வரும் பறவைகளுக்கு விருந்து வீடு. ஓமலூரில் இருந்து விடிகாலையில் கிளம்பினால் மத்தியானச் சமையலுக்குத் திரும்பிவிடலாம். ஆனால் வெயிலில் ஒரு ஸ்டீல் பாட்டில் மின்னினால் போதும், உள்ளான் கூட்டம் மொத்தமாக எழும்பிப் போய்விடும். இதற்கென்று இலை படம் போட்ட துணியெல்லாம் காசு கொடுத்து வாங்காதீர்கள். வீட்டில் கிடப்பதே தாராளம்.

1. ஜோடி தொலைந்த ஸ்கூல் சாக்ஸை ஸ்டீல் பாட்டிலுக்கு மாட்டிவிடுங்கள். நனைத்து மாட்டினால் தண்ணீரும் ஜில்லென்று இருக்கும்.

2. கேமரா ஸ்டாண்டின் கால்களுக்குப் பழைய சைக்கிள் ட்யூப். பஞ்சர் கடையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். நாடாவாக வெட்டி இறுக்கமாகச் சுற்றினால் மினுக்கமும் போகும், கல்லில் இடிக்கும் சத்தமும் போகும். காலை நீட்டி மடக்கும் பூட்டை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றுங்கள்.

3. கரண்ட் வேலைக்கு வைத்திருக்கும் டேப்பை எடுத்து ஒட்டிவிடாதீர்கள். நம் ஊர் வெயிலில் பசை இளகிக் கையெல்லாம் பிசுபிசுக்கும், டேப்பும் பளபளக்கும்.

4. வெளிர் நிறத் துணிப்பை, தொப்பிக்கு நம் ஊர்ச் சாயம் இருக்கிறது. ஜவ்வரிசியைக் குழையக் காய்ச்சி, சலித்த செம்மண்ணும் கொஞ்சம் அடுப்புக்கரிப் பொடியும் கலந்து, திட்டுத் திட்டாகப் பூசி நிழலில் காயவிடுங்கள். ஒரே சீராகப் பூசினால் பலன் குறைவு. மழையில் நனைந்தால் கரைந்துவிடும், அதுவும் நல்லதே: மார்கழியில் பச்சையாக இருக்கும் ஏரிக்கரை மாசியில் காய்ந்து பழுப்பாகிவிடும், அப்போது வேறு நிறம் பூசிக்கொள்ளலாம்.

5. டிபன் கேரியர், பிளாஸ்க் வைக்க லாரிப் படுதாத் துண்டில் பை தைத்துக்கொள்ளுங்கள். நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரித் தொழிலில் சொந்தக்காரர் இல்லாத வீடு உண்டா? பழைய பருத்திப் படுதாவாகக் கேளுங்கள், நைலான் பளபளக்கும்.

6. போட்டுக்கொண்டு போகும் துணிக்குச் சொட்டு நீலமும் "பளிச்" சோப்புத்தூளும் வேண்டாம். அந்தத் தூளில் உள்ள வெண்மையூட்டி, புற ஊதாக் கதிரை நீல ஒளியாக மாற்றித் துணியை மின்ன வைக்கும். பல பறவைகளுக்கோ புற ஊதாவே கண்ணுக்குத் தெரியும். பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் அலசினால் போதும்.

7. வெள்ளிக் கொலுசு நம் சேலத்துப் பெருமைதான், ஆனாலும் அன்று ஒரு நாள் பெட்டியில் இருக்கட்டும். மின்னுவதோடு சத்தமும் போடும்.

8. பைனாகுலர் கண்ணாடி மேல் எதையும் பூச வேண்டாம். கறுப்புச் சார்ட் அட்டையைச் சுருட்டி முன்பக்கம் குழல் மாதிரி மாட்டுங்கள், முடிந்தவரை சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள்.

9. பைக்கைத் தள்ளி நிறுத்தி, கண்ணாடிகள் மேல் கோணிச்சாக்கைப் போட்டுவிடுங்கள்.

10. இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். நீளமான பொருளை மண் நிறத் துணியில் சுற்றித் தோளில் போட்டால் தூரத்தில் துப்பாக்கி மாதிரித் தெரியும், வேட்டைக்கு வந்தவர் என்று நினைத்துவிடுவார்கள். பைனாகுலரைக் கழுத்தில் வெளியே தெரிய மாட்டி, கரையில் இருப்பவர்களிடம் என்ன பார்க்க வந்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள். கௌதாரி, காடை, முயல் பிடிப்பதெல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கண்ணியோ வலையோ கண்ணில் பட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். சேர்வராயன் அடிவாரக் காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைய வேண்டாம்.

11. நாம் நன்றாக மறைந்திருக்கிறோம் என்பதற்காகக் கூட்டுக்குப் பக்கத்தில் போகாதீர்கள். தாய்ப்பறவை எழுந்து பறந்தால் முட்டை வெயிலில் கிடக்கும்.

12. போகிக்குப் பழைய சாக்ஸ், ட்யூப், சாக்கு எதையும் கொளுத்தாமல் எடுத்து வையுங்கள். 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, ஏரிக்கரைக்குக் குடும்பத்தோடு போக அதுவே நல்ல சாக்கு.