குற்றமும் சமுதாய நெருக்கடியும்

மனிதன் ஏன் குற்றம் செய்கிறான்? பிறவிக் குணமே காரணம் என்பர் சிலர். வறுமையே காரணம் என்பர் வேறு சிலர். அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் இராபர்ட் மெர்ட்டன் 1938இல் மற்றொரு விடை தந்தார். சமுதாயம் எல்லோருக்கும் ஓர் இலக்கை வகுக்கிறது. ஆனால் அதனை அடையும் நேரிய வழியை எல்லோருக்கும் திறந்து வைப்பதில்லை. இந்த முரண்பாடு மனிதரை நெருக்குகிறது. பலர் பொறுத்துக்கொண்டு நேர்வழியிலேயே நடப்பர். சிலர் இலக்கை விடாமல் வழியை மட்டும் மீறுவர். அங்கேதான் குற்றம் பிறக்கிறது என்றார் அவர்.

இதனை விளக்க அயல்நாட்டுச் சான்று தேவையில்லை. நம் தருமபுரி மாவட்டத்தைத் தலைகுனிய வைத்த பெண் சிசுக்கொலையே போதும். 'மகளை ஊர் மெச்சக் கட்டிக்கொடுக்க வேண்டும்' என்பது பெற்றோர்க்குச் சமுதாயம் வைத்த இலக்கு. அதற்குக் கேட்ட விலையோ நகையும் ரொக்கமும். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்தும் வழக்கம் ஒழியவில்லை. மழையை நம்பிக் கேழ்வரகு விதைத்த குடும்பம் இரண்டாவது, மூன்றாவது மகளுக்கு எங்கே போகும்? 'ஆண் வாரிசு இல்லை' என்ற ஏச்சு வேறு. இந்நெருக்கடிக்குப் பச்சிளங் குழந்தைகள் பலியாயின. 2001 மக்கள்தொகைக் கணக்கில், தருமபுரியில் ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 826 பேரே இருந்தனர்.

அப்படியாயின் கொன்றவர் குற்றவாளி அல்லரா என்ற வினா எழலாம். காரணத்தை அறிவது வேறு. குற்றத்தை மன்னிப்பது வேறு. அதே ஊரில், அதே வறுமையில், மகள்களை வளர்த்து ஆளாக்கிய தாய்மார் பலர். மறுபுறம், கருவிலேயே பாலினம் அறிந்து அழித்தவர்களில் வசதி படைத்தோரும் உண்டு. அதனைத் தடுக்கவே 1994இல் தனிச் சட்டம் வந்தது. ஆகவே வறுமை மட்டுமே வேர் அன்று. மகளைச் சுமையென எண்ணும் மனப்பான்மையே ஆணிவேர்.

தண்டனையோடு மாற்று வழியும் வேண்டும். சேலத்தில் 1992இல் தோன்றிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் வந்தது. 2011 கணக்கில் 826 என்ற எண் 913 ஆக உயர்ந்தது. ஆயினும் தொட்டில் உயிரைக் காக்குமேயன்றி, மகளைத் துறக்கச் செய்த எண்ணத்தை மாற்றாது. அதனை மாற்ற வல்லவை பெண்கல்வியும் பெண்ணின் சொந்த வருவாயுமே.

நாளை மணமேடை ஏறவிருக்கும் மாணவ நண்பர்களே! நாம் வாங்க மறுக்கும் ஒவ்வொரு வரதட்சணையும், ஒரு தந்தைக்கு அடைபட்ட வழியைத் திறந்துவிடும். குற்றத்தைத் தடுக்கும் பணி காவல் நிலையத்தில் அன்று, நம் வீட்டு வாசலிலேயே தொடங்குகிறது.