சீறும் சுண்ணாம்பும் சில்லிடும் யூரியாவும்

சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு நடக்கும் வேதிவினைக்குப் பாடப்புத்தகம் வைத்த பெயர் வெப்பக்கொள் வினை. திண்டுக்கல் பக்கம் அதைப் பார்க்க ஆய்வகம் தேடிப் போக வேண்டாம். அதைப் பற்றிய தவறான எண்ணங்களுக்கும் இங்கே குறைவில்லை.

நம்பிக்கை: வெப்பத்தை உறிஞ்சும் வினை என்றால் தொட்டால் குளிரும்.

உண்மை: திண்டுக்கல் மாவட்டம் கரிக்காலியில் சிமென்ட் ஆலை இருக்கிறது. சிமென்டுக்கு மூலப்பொருள் சுண்ணாம்புக்கல். சுமார் 900 டிகிரி செல்சியஸில் அது சுட்ட சுண்ணாம்பாகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. 100 கிராம் கல் பிரிய 178 கிலோஜூல் வெப்பம் வேண்டும். கல்லை அந்தச் சூட்டுக்கு ஏற்றும் செலவு தனி. இத்தனை அனல் நடுவே நடப்பதும் வெப்பக்கொள் வினைதான். தீயை நிறுத்தினால் வினையும் நின்றுவிடும். காளவாயில் சுண்ணாம்பு சுடுபவர்கள் விடாமல் எரிபொருள் போடுவதும் இதனால்தான்.

நம்பிக்கை: சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கிறது. ஆகவே கல்லுக்கே சூட்டுக் குணம்.

உண்மை: சுடாத கல்லில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் ஒன்றும் ஆகாது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க நீற்றும்போது சீறுவது சுட்ட கல். காளவாயில் வாங்கிய வெப்பத்தில் ஒரு பங்கை அது அப்போது திருப்பித் தருகிறது. கணக்கு இதோ: 100 கிராம் கல்லிலிருந்து 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதை நீற்றினால் 65 கிலோஜூல் வெளிவரும். மீதி 113? சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்று மீண்டும் கல்லாகும்போது அதுவும் வந்துவிடும். மெதுவாக வருவதால் கைக்குத் தெரிவதில்லை. 65-ம் 113-ம் சேர்ந்தால் 178, கடன் நேர்.

நம்பிக்கை: தீயில்லாமல் தானாக நடக்கும் வினை எல்லாம் வெப்பத்தை வெளியிடும்.

உண்மை: எலுமிச்சைச் சாற்றில் ஆப்பச் சோடாவைப் போடுங்கள். நுரை பொங்கும்; டம்ளர் லேசாகக் குளிரும். வினைக்கு வேண்டிய வெப்பம் சாற்றிலிருந்தே போகிறது. வாயு பிறந்து, சிதறி வெளியேறுவது வினையை முன்னோக்கி இழுக்கிறது. வெளியிலிருந்து யாரும் சூடேற்ற வேண்டியதில்லை.

நம்பிக்கை: யூரியா கரைத்த வாளி சில்லிடுகிறது, அது பயிருக்குக் குளிர்ச்சி.

உண்மை: ஒரு கிலோ யூரியா கரையச் சுமார் 250 கிலோஜூல் வெப்பத்தை இழுக்கும், 10 லிட்டர் தண்ணீர் ஐந்தாறு டிகிரி குளிரும். இதில் புதிய பொருள் எதுவும் உண்டாவதில்லை. வெறும் கரைதல் என்பதால் இதை வேதிவினை என்றுகூடச் சொல்ல முடியாது. வெயில் பட்டால் வாளி பழைய சூட்டுக்கு வந்துவிடும். பயிருக்குப் போய்ச் சேருவது தழைச்சத்து மட்டுமே. கரைசல் மிகையானால் இலையே கருகும்.

தோட்டக்காரர்களுக்கு இதில் ஒரு பயன் உண்டு. தண்ணீர் குளிரக் குளிர யூரியா கரைவதும் மந்தமாகும். மொத்தமாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள், அடியில் தங்காது. சுண்ணாம்பு நீற்றுபவர்கள் கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, குழந்தைகளை எட்டவே நிறுத்துங்கள். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு தரும் வெப்பம் மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும்.