பயிரின் நீர்ச் சிக்கனமும் நீர்வழிப் புரதங்களும்

நம் நாட்டின் சாகுபடிப் பரப்பில் ஏறத்தாழப் பாதி இன்றும் மழையை நம்பியே உள்ளது. மானாவாரி நிலத்தில், கதிரில் மணி பிடிக்கும் வேளையில் மண்ணில் எஞ்சியிருக்கும் ஈரமே விளைச்சலைப் பெரிதும் நிர்ணயிக்கிறது. அந்த ஈரத்தைப் பயிர் எவ்வாறு செலவிடுகிறது? ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் 1972இல் நிறுவப்பட்ட இக்ரிசாட் பன்னாட்டு ஆராய்ச்சி நிலையம் இவ்வினாவை ஆராய்ந்து வருகிறது.

நுண்ணிய வாயில்கள்

வேர் உறிஞ்சும் நீர், தண்டை அடையுமுன் உயிரணுச் சவ்வுகளைக் கடக்க வேண்டும். கொழுப்பாலான சவ்வில் நீர் எளிதில் புகாது. சவ்வில் பதிந்துள்ள சில புரதங்களே அதற்கு வழிவிடுகின்றன. நீர் மூலக்கூறுகள் அவற்றினூடே ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் செல்கின்றன. ‘அக்குவாபோரின்’ எனப்படும் இப்புரதத்தின் பணியை 1992இல் மெய்ப்பித்த அமெரிக்க அறிஞர் பீட்டர் ஆக்ரெ, 2003இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார். தாவரங்களிலும் இத்தகைய புரதம் உண்டு என்பது 1993இல் தெளிவாயிற்று.

நெற்பயிரில் மட்டும் இவ்வகைப் புரதங்களுக்கான 33 மரபணுக்கள் அறியப்பட்டுள்ளன. உயிரணு நீரை ஏற்று விரிவதாலேயே வேரும் இலையும் நீள்கின்றன. ஆகவே இவ்வாயில்கள் வளர்ச்சிக்கும் துணை புரிகின்றன. வறட்சியிலும், வேர் நீரில் மூழ்கி மூச்சுத் திணறும்போதும் இவற்றுள் பல மூடிக்கொள்கின்றன.

கம்பு தரும் பாடம்

பருவ இறுதி வறட்சியைத் தாங்கும் கம்பு வகைகள், ஈரம் போதிய அளவு இருக்கும்போதே நீரைச் சிக்கனமாகச் செலவிடுகின்றன என்பதை 2010இல் வெளியான இக்ரிசாட் ஆய்வு காட்டியது. காற்று மிக வறண்டிருக்கும் நண்பகலில் அவை நீராவிப் போக்கைக் கட்டுப்படுத்துகின்றன. அவ்வாறு மிஞ்சும் நீர், மணி முற்றும் நாட்களுக்கு முதலாகிறது. இக்கட்டுப்பாட்டில் நீர்வழிப் புரதங்களின் பங்கைக் கண்டறிய, கம்பின் அக்குவாபோரின் மரபணுக்களும் பின்னர் ஆராயப்பட்டன.

ஆதாயமும் விலையும்

இச்சிக்கனத்திற்கு விலையும் உண்டு. இலைத்துளைகள் சுருங்கினால் கரியமில வாயுவின் வரவும் குறையும். மழை தாராளமாகப் பெய்யும் ஆண்டில் சிக்கனப் பயிர் பின்தங்கக்கூடும். ஆதலால் எல்லா நிலத்திற்கும் ஒரே விதை பொருந்தாது. அந்தந்த வட்டாரத்தின் மழையளவு, மண்ணின் ஆழம், வறட்சி வரும் காலம் ஆகியவற்றை ஆராய்ந்தே இரகங்களைத் தெரிவு செய்தல் வேண்டும். ஆய்வகத்தில் கண்ட உண்மை உழவரின் களஞ்சியத்தை எட்டுவதற்கு இதுவே உரிய வழியாகும்.