மாட்டின் வயிற்றுள் கம்பியும் உள்ளொட்டும்

வட்டையில் உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்துவிட்ட பின்னரும், கல்முனைப் பகுதிக் கமக்காரரின் வீட்டில் மாடும் எருமையும் தம் இடத்தை இழந்துவிடவில்லை. பாலும் தயிரும் நாளாந்தச் செலவுக்கு உதவுகின்றன. சாணம் மரக்கறித் தோட்டத்துக்கு எருவாகின்றது. நெல் விற்ற காசு கைக்கு வந்து சேரும்வரை வீட்டைத் தாங்குவது பல இடங்களில் ஒரு கறவை மாடே. அத்தகைய மாடு, வெளிக்காயம் எதுவுமின்றி, ஒருநாட் காலையில் தீனியை வெறுத்து, பால் குன்றி, முதுகை வளைத்து நிற்குமாயின், அதற்குக் காரணம் இரண்டு அங்குலக் கம்பித்துண்டு ஒன்றாகவும் இருக்கலாம்.

இந்நோயில் மாட்டுக்கு நேரும் தீங்கு இருவகைப்பட்டது. ஒன்று, கம்பி குத்துவதால் உண்டாகும் காயம். மற்றையது, அக்காயம் ஆறும்பொழுது உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று தழும்பினால் ஒட்டிப்போதல். இவ்வுள்ளொட்டு எவ்வாறு உண்டாகின்றது, அதனை எவ்வாறு தடுக்கலாம் என்பவற்றைக் கமக்காரர் விளங்கிக்கொள்ளும் பொருட்டு இத்துண்டுப் பிரசுரம் எழுதப்படுகின்றது.

கம்பி வயிற்றுக்குச் செல்லும் வழி

ஆடு உதட்டினால் இலையை ஆய்ந்து பொறுக்கித் தின்னும். மாடோ புல்லையும் வைக்கோலையும் நாவினாற் சுருட்டி வாயில் இட்டு, அரைகுறையாக மென்று விழுங்கிவிட்டுப் பின்னர் ஆறுதலாக அசைபோடும். ஆதலால் தீனியுடன் கலந்துள்ள ஆணியையும் கம்பியையும் அது வேறுபிரித்து அறிவதில்லை. ஆடுகளில் இந்நோய் அரிதாகவும் மாடுகளிலும் எருமைகளிலும் மிகுதியாகவும் காணப்படுவதற்குக் காரணம் இதுவேயாம்.

மாட்டின் இரைப்பை நான்கு அறைகளையுடையது. அவற்றுள் இரண்டாவது, உட்புறம் தேன்கூடு போன்ற அறைகளாகத் தோற்றுவதால், தேன்கூட்டு இரைப்பை எனப்படும். இதுவே எல்லாவற்றிலும் முன்னே, தாழ்வாக அமைந்துள்ளது. விழுங்கிய இரும்பு பாரத்தினால் இதன் அடியிற் சென்று தங்கும். தேன்கூட்டு இரைப்பை ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒரு முறை, அடுத்தடுத்து இரு தடவை, வலுவாகச் சுருங்கும் இயல்புடையது. மொட்டையான இரும்பாயின் வாழ்நாள் முழுவதும் தீங்கின்றிக் கிடக்கவும் கூடும். கூரிய கம்பியாயின் ஒவ்வொரு சுருக்கத்தின்போதும் சுவரிற் குத்தி, ஈற்றில் அதனை ஊடுருவி விடும்.

இவ்வறைக்கு நேர் முன்னே இருப்பது நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் தசைத்தட்டாகிய பிரிமென்றகடு. அதற்கும் அப்பால், சில விரற்கிடை தூரத்தில், இதயம் தன் உறைக்குள் இருக்கின்றது. சினை முற்றிய காலத்திற் கருப்பையின் பாரம் கம்பியை முன்னோக்கித் தள்ளும். கன்று ஈனும்போது முக்குவதாலும் அவ்வாறே நேரும். நோய் பல வேளைகளில் ஈற்றை அடுத்து வெளிப்படுவதற்குக் காரணம் இதுவாகும்.

உள்ளொட்டு உண்டாகும் விதம்

வயிற்றறையின் உட்புறமும் அதனுள் இருக்கும் உறுப்புகளின் வெளிப்புறமும் சுற்றுவிரி எனும் மெல்லிய, ஈரமான சவ்வினாற் போர்த்தப்பட்டுள்ளன. இவ்வீரத்தினாலேயே இரைப்பையும் குடலும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி இயங்குகின்றன.

கம்பி குத்தி இச்சவ்வு புண்பட்டதும் அவ்விடத்தில் நீர் கசியும். அந்நீரில் உள்ள பைபிரின் எனும் பொருள், கஞ்சிப்பசை போல, சில மணித்தியாலங்களுள் அருகருகே உள்ள உறுப்புகளை ஒட்டிவிடும். காயம் சிறிதாயின் உடல் தானே இப்பசையைச் சில நாட்களுட் கரைத்துவிடும். கம்பி அங்கேயே இருந்து குத்திக்கொண்டிருந்தாலோ கிருமிகள் பெருகினாலோ பசை கரையாது. அதனுள் உயிர்க்கலங்கள் புகுந்து நார் நாராக இழையங்களை வளர்க்கும். குருதிக் குழாய்களும் ஊடோடும். நாட்செல்லச் செல்ல அது வெண்ணிறமான உறுதியான தழும்பாகி, தேன்கூட்டு இரைப்பையைப் பிரிமென்றகட்டுடனும் வயிற்றுச் சுவருடனும் பிணைத்துவிடும். ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யா மாடுகளை உரித்துப் பங்கிடுவோர், இரைப்பை கையோடு கழன்று வராது கத்தியினால் அறுத்தெடுக்க நேர்ந்ததைக் கண்டிருப்பின், அவர்கள் கண்டது பெரும்பாலும் இத்தகைய ஒட்டே. அவ்விரைப்பையைக் கவனமாகக் கீறிப் பார்ப்பின் ஆணியோ கம்பியோ அகப்படுதலும் உண்டு.

ஒட்டு முற்றிலும் தீயதன்று. இரைப்பையின் துளை வழியாக வெளிவரும் கிருமிகள் வயிறெங்கும் பரவாதபடி வேலி கட்டுவது அதுவே. மாட்டினம் இவ்வாறு வேலியிடுவதில் வல்லது. எனினும் உயிரைக் காத்த அதே ஒட்டு, பின்னர் இரைப்பையின் இயக்கத்தைத் தடுக்கின்றது. தேன்கூட்டு இரைப்பை தாராளமாகச் சுருங்கினாலன்றி மாடு செவ்வையாக அசைபோட இயலாது. வயிற்றில் உண்டாகும் வாயுவை ஏப்பமாக வெளியேற்றவும் இயலாது. ஆகவே மாடு அடிக்கடி வயிறு ஊதி, தின்றும் தேறாது, பால் வற்றி மெலியும். எருமைகளிற் பிரிமென்றகடு பழுதுற்றுக் கிழிந்து, தேன்கூட்டு இரைப்பை நெஞ்சறைக்குள் நுழைந்துவிடுதலும் உண்டு.

நோயின் அறிகுறிகள்

முதல் நாட்களிற் பின்வருவன காணப்படும்:

1. திடீரெனத் தீனி மறுத்தல், அசைபோடுதல் நின்றுபோதல், ஒரே நாளிற் பால் பெரிதும் குறைதல்.
2. முதுகை வளைத்து, முன்னங்கால் முழங்கைகளை வெளிப்புறமாக அகற்றி நிற்றல்.
3. நடக்கத் தயங்குதல், சிறப்பாக வரம்பிலிருந்தும் மேட்டிலிருந்தும் இறங்க மறுத்தல்.
4. படுக்கும்போதும் எழும்போதும் சாணமிடும்போதும் முனகுதல்.
5. இலேசான காய்ச்சல். நலமுள்ள மாட்டின் உடல்வெப்பம் ஏறத்தாழ 38.5 பாகை செல்சியசு ஆகும். நோயின் தொடக்கத்தில் அது 39.5 அல்லது 40 வரை உயரலாம்.

ஐயமேற்படின் கமக்காரர் தாமே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். திமிலுக்குப் பின்னே முதுகுத் தோலை இரு கைகளாலும் இறுகப் பற்றிக் கிள்ளினால் நலமுள்ள மாடு முதுகைத் தாழ்த்தும். வயிற்றினுள் நோவுள்ள மாடு தாழ்த்தாது விறைத்து நிற்கும்; முனகவும் செய்யும்.

நான்கைந்து நாட்களின் பின் மாடு ஓரளவு தின்னத் தொடங்கக்கூடும். நோய் நீங்கிற்று என்று மகிழ்ந்துவிடலாகாது. ஒட்டு உறுதிப்படும் காலம் அதுவே. பின்னர் கழுத்தின் பெருநாளம் கயிறு போற் புடைத்து, தாடைக்குக் கீழும் நெஞ்சுத் தொங்கலிலும் நீர் கோத்து வீங்குமாயின் கம்பி இதயவுறையை எட்டியிருத்தல் கூடும். அந்நிலையில் மருத்துவம் பயன்படுவது மிக அரிது.

உடனே செய்ய வேண்டியவை

மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டாது கொட்டிலிற் கட்டுக. முன்னங்கால்கள் நிற்கும் இடத்தை மண்ணினாலோ பலகையினாலோ ஆறு முதல் எட்டு அங்குலம் உயர்த்துக. இதனாற் குடலின் பாரம் பின்னோக்கிச் செல்ல, கம்பி முன்னேறுவது தடைப்படும். அதே நாளிலேயே அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவித்தல் வேண்டும்.

மிருக வைத்தியர் நிலைமையைப் பார்த்துக் கிருமியெதிர் மருந்து ஏற்றுவார். காந்தத்தை விழுங்கச் செய்து கம்பியை அதில் ஒட்டிக்கொள்ள விடுவார். தேவைப்படின் இடப்பக்க விலாவின் பின் வயிற்றைத் திறந்து, முதலாம் இரைப்பை வழியாகக் கையைச் செலுத்திக் கம்பியை எடுப்பார். தொடக்கத்திலேயே கம்பியை எடுத்துவிட்டால் ஒட்டு பெருகுவதற்குக் காரணம் இல்லாதொழியும். உறுதிப்பட்ட ஒட்டையோ வைத்தியர் பிய்த்தெடுக்க முயல்வதில்லை. பிய்த்தால் அதனுள் அடைபட்ட சீழும் கிருமியும் வயிறெங்கும் பரவும். காரணம் நீங்கிய பின்னர் ஒட்டுகள் மாதக்கணக்கில் இளகி நீண்டு, மாடு மீண்டும் நன்றாகக் கறப்பதும் உண்டு.

கிருமியெதிர் மருந்து ஏற்றிய மாட்டின் பாலை வைத்தியர் குறித்த நாட்கள் கழியும்வரை விற்கவோ பருகவோ ஆகாது. அப்பாலில் உறை குத்தினாலும் தயிர் செவ்வையாகத் தோயாது.

செய்யத் தகாதவை

நாவூறு என்றோ செரியாமை என்றோ எண்ணிக் காரக்கூட்டுகளைப் பருக்கி நாட்களைக் கழித்தல் கூடாது. வயிற்றை உருவிப் பிசைதல் கூடாது. ஊதிய வயிற்றைக் கத்தியினாற் குத்துதல் பெருந்தவறு. அக்குத்தே புதிய ஒட்டுகளுக்கு வித்தாகும். கன்று ஈன்ற மாட்டின் நஞ்சுக்கொடியைப் பழக்கமற்றோர் பலவந்தமாக இழுப்பதும் இத்தகையதே. கருப்பையும் சூலகமும் புண்பட்டு ஒட்டிக்கொண்டால் அம்மாடு பின்னர் சினைப்படாமற் போகலாம்.

முற்காப்பு

மருத்துவத்திலும் முற்காப்பு எளிது, செலவும் குறைவு. மாரியிற் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலாக வெள்ளம் பாயும் நாட்களில், மறுகரையில் மேயும் மாட்டுக்கு வைத்தியரை அழைத்துச் செல்லுதல் எத்துணை அரிது என்பதை நற்பிட்டிமுனை, சேனைக்குடியிருப்புக் கமக்காரர் நன்கறிவர்.

பாகல், புடோல், பயற்றைப் பந்தல்களைக் கட்டும்போது இயன்றவரை கயிற்றையே பயன்படுத்துக. கட்டுக்கம்பி பயன்படுத்தினால் அறுவடை முடிந்ததும் முதலிற் கம்பிகளைக் கழற்றி எண்ணி எடுத்த பின்னரே கொடிகளை மாட்டுக்கு இடுக. முட்கம்பி வேலியைத் திருத்துமிடத்து வெட்டிய துண்டுகளை ஒரு தகரப் பேணியிற் சேர்த்துக்கொள்க. பழைய டயரை எரித்தாற் சாம்பலினுள் மெல்லிய உருக்குக் கம்பிகள் நூற்றுக்கணக்கில் மிஞ்சும். மாடு மேயும் இடத்தில் அதனை ஒருபோதும் எரித்தலாகாது. வீடு கட்டும் இடத்துக்கு அருகில் வைக்கோற் போர் வைத்தலும் நன்றன்று.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இக்கரையோரத்து வீடுகளை இடித்துத் தள்ளியபோது ஆணியும் தகரமும் கம்பியும் மண்ணோடு கலந்தன. பழைய இடிபாடுகள் கிடந்த நிலத்தில் மாட்டைக் கட்டுமுன் மண்ணைக் கிளறிப் பார்ப்பது நன்று. ஊர்க் குப்பை மேடுகளை அடைத்து வேலியிடுதலும் அவசியம். அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் உணவு தேடிய யானைகள் பிளாத்திக்குக் கழிவை உண்டு இறந்த செய்தி 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் பேசப்பட்டது. யானைக்கு நேர்ந்தது மாட்டுக்கும் நேரும்.

ஒரு வயது கடந்த கிடாரிகளுக்கு வைத்தியரின் ஆலோசனைப்படி காந்தம் கொடுத்து வைக்கலாம். மூன்று அங்குல நீளமும் அரை அங்குலப் பருமனுமுள்ள காந்தம் தேன்கூட்டு இரைப்பையில் வாழ்நாள் முழுவதும் தங்கி, வந்து சேரும் இரும்பைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். இடப்பக்க முழங்கைக்குப் பின்னே திசையறி கருவியைப் பிடித்து, அதன் ஊசி திரும்புவதைக் கொண்டு காந்தம் உள்ளே இருப்பதை அறியலாம். செம்பு, அலுமினியம் என்பவற்றைக் காந்தம் பிடிக்காது என்பதும் நினைவிலிருத்தல் வேண்டும்.

மனிதருக்கும் உண்டு

வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட மனிதரிலும் உள்ளொட்டு உண்டாகும். பெரும்பாலோர்க்கு அது தொல்லை தருவதில்லை. சிலருக்கு ஆண்டுகள் கழிந்த பின்னரும் குடல் அவ்வொட்டிற் சிக்கி அடைபடும். முன்பு வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவருக்கு விட்டுவிட்டு வயிற்றுவலியும் வாந்தியும் வயிற்றுப்பொருமலும் உண்டாகி, மலமும் வாயுவும் வெளியேறாது நின்றால், பேதி மருந்து கொடாது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

கவனத்திற் கொள்க

தீனி மறுத்து, முதுகு வளைந்து, முனகும் மாட்டை முதல் நாளே வைத்தியருக்குக் காட்டுக. இரண்டாம் கிழமையிற் காட்டும் மாட்டில் வைத்தியர் கம்பியோடு மட்டுமன்றி ஒட்டோடும் போராட வேண்டியிருக்கும். வேலி திருத்தினாலும் பந்தல் பிரித்தாலும், கையிலிருந்து விழும் கம்பித்துண்டைக் குனிந்து எடுத்தாலே இந்நோயின் பெரும்பகுதி தடுக்கப்பட்டுவிடும்.