விற்பனை ஒன்றுதான், சரக்கு ஐந்து மடங்கு: அசெட் டர்ன்ஓவரைப் படிப்பது எப்படி?

"இந்தக் கம்பெனியோட சேல்ஸ் 30% ஏறியிருக்கு, போனஸ் பணத்தைப் போடலாமா?" இப்படித்தான் பலர் கேட்கிறீங்க. விற்பனை ஏறினது நல்ல விஷயம்தான். ஆனா அதுக்காகக் கம்பெனி எவ்வளவு சொத்தை உள்ளே போட்டதுன்னு பார்த்தீங்களா?

கணக்கு ரொம்ப சுலபம். ஒரு வருஷ விற்பனையை மொத்தச் சொத்தால வகுத்தா அசெட் டர்ன்ஓவர் ரேஷியோ. சொத்தில் இருக்கிற ஒவ்வொரு ரூபாயும் எத்தனை ரூபாய் விற்பனையைக் கொண்டுவந்ததுன்னு அது சொல்லும்.

டிமார்ட்டையும் டைட்டனையும் எடுத்துக்குவோம். 2023-24ல் ரெண்டோட விற்பனையும் ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் 51,000 கோடி ரூபாய். மொத்தச் சொத்து டிமார்ட்டுக்குச் சுமார் 21,000 கோடி, டைட்டனுக்குச் சுமார் 31,500 கோடி. வகுத்தா டிமார்ட் 2.4, டைட்டன் 1.6. இத்தனைக்கும் டிமார்ட் பெரும்பாலான கடைகளைச் சொந்தமா வாங்கி நடத்துற கம்பெனி!

அப்போ வித்தியாசம் எங்கே? சரக்கில். வருஷக் கடைசியில் டிமார்ட் கையில் இருந்த சரக்கு சுமார் 3,900 கோடி. டைட்டனிடம் சுமார் 19,000 கோடி. விற்பனையை வைத்துப் பார்த்தா டிமார்ட் சரக்கு சுமார் 28 நாளில் காலியாகுது, டைட்டன் சரக்குக்கு நாலரை மாசம் ஆகுது. (கறாரா பார்த்தா, சரக்குக் கணக்குக்கு விற்பனைக்குப் பதிலா சரக்கின் அடக்கவிலையைப் போடணும், சொத்துக்கு வருஷ ஆரம்பம், முடிவு ரெண்டின் சராசரியை எடுக்கணும். படம் பெரிசா மாறாது.)

உடனே டைட்டன் மோசம்னு முடிவு பண்ணிடாதீங்க. பருப்பும் சோப்பும் மாசாமாசம் வாங்குற பொருள். நெக்லஸ் அப்படியா? பத்து டிசைன் காட்டினாத்தான் ஒன்று விற்கும். அந்தக் காத்திருப்புக்கான கூலி லாபத்தில் வருது: 100 ரூபாய் விற்றா டிமார்ட்டுக்கு நிகர லாபம் 5 ரூபாய், டைட்டனுக்குக் கிட்டத்தட்ட 7. சுழற்சியை லாப சதவீதத்தால பெருக்கினா 12, 11. ரெண்டு வேற பாதை, கிட்டத்தட்ட ஒரே இடம். அதனால மளிகையை நகையோட ஒப்பிட்டு மார்க் போடுறதுல அர்த்தமில்லை. அதே தொழிலில் இருக்கிற போட்டியாளரோடயும், அதே கம்பெனியின் பழைய வருஷங்களோடயும் ஒப்பிடுங்க.

ஒரு பொறி இருக்கு. புது மெஷின் வாங்காமலே ஓட்டுற பழைய ஃபேக்டரியில், தேய்மானம் கழியக் கழிய சொத்து மதிப்பு குறையும், ரேஷியோ தானா ஏறும். திறமைன்னு ஏமாந்துடக் கூடாது.

இப்போ அந்த 30% கம்பெனிக்கு வருவோம். ஒரு கற்பனைக் கணக்கு: விற்பனை 100 கோடியிலிருந்து 130 கோடி. வாடிக்கையாளரிடமிருந்து வரவேண்டிய பாக்கி 20 கோடியிலிருந்து 45 கோடி. அதாவது முன்னாடி 73 நாளில் வந்த பணம் இப்போ 126 நாள் ஆகுது. சரக்கைக் கடனுக்குத் தள்ளிவிட்டு விற்பனையைக் காட்டினாலும் எண்கள் இப்படித்தான் இருக்கும். பேலன்ஸ் ஷீட்டில் 'டிரேட் ரிசீவபிள்ஸ்' வரியை மூணு வருஷத்துக்கு எடுத்துப் பாருங்க. ஏறியிருந்தா காரணத்தை ஆண்டறிக்கையில் தேடுங்க. அது கிடைக்கிற வரைக்கும் போனஸ் பேங்க்லயே இருக்கட்டும்.