மலைவாயில்

நுழையும்முன்

சிகரத்தைக் கண்டு வியக்கும் நாம், அதற்கு வழிவிடும் பள்ளத்தாக்கை எளிதில் மறந்துவிடுகிறோம். மலையேறுவோரின் முதற்படியாகவும் மழைநீரின் இறங்குவழியாகவும் விளங்கும் ஒரு மலைவாயிலை அறிவோம்.

சாத்தூரின் கரிசல் வெளியில் நின்று, மழை ஓய்ந்த நாளில் மேற்கே நோக்கினால், அடிவானில் நீலக்கோடாய் மேற்குத் தொடர்ச்சி மலை தோன்றும். அம்மலையின் அடிவாரத்தில், விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்புக்கு அருகே அமைந்துள்ளது தாணிப்பாறை. சுந்தரமகாலிங்கம், சந்தனமகாலிங்கம் கோவில்கள் அமைந்த சதுரகிரிக்கு இதுவே முதன்மையான வாயில். ஆடி அமாவாசையில் பெருந்திரளான மக்கள் இவ்வழியே மலையேறுவர். பளியர் பழங்குடியினரின் வாழிடமும் இவ்வடிவாரத்தில் உள்ளது.

நேபாளத்தின் கும்புப் பள்ளத்தாக்கு எவரெஸ்டு சிகரத்திற்கு வழியாவதுபோல, உயர்ந்த மலைகளுக்கெல்லாம் தாழ்ந்த நிலமே வாயிலாகிறது. நீரோடை அரித்து உருவாக்கிய பாதையே மனிதர் நடப்பதற்கும் எளிய பாதையாக அமைகிறது.

மலையின் ஒவ்வோர் உறுப்பையும் தமிழர் தனித்தனியே பெயரிட்டு அழைத்தனர். அடிவாரம் தாழ்வரை, சரிவு சாரல், பிளவு விடர், குகை முழை, உச்சி சிமையம். மலைவழியின் இடர்களையும் அவர்கள் நன்கறிந்திருந்தனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு வழிகூறும் நூல். பன்றிக்கு வைத்த பொறிகள், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்கள், பாசி படர்ந்து வழுக்கும் இடங்கள் ஆகியவற்றை அது முன்கூட்டியே எச்சரிக்கிறது. சதுரகிரிப் பாதையிலும் ஓரிடத்திற்கு வழுக்குப்பாறை என்றே பெயர்!

அவ்வெச்சரிக்கை இன்றும் தேவைப்படுகிறது. 2015 மே மாதத்தில் இம்மலையில் பெய்த கனமழையால் ஓடைகளில் திடீர் வெள்ளம் பெருக்கெடுத்துப் பக்தர்கள் சிலர் உயிரிழந்தனர். செங்குத்தான சரிவுகளில் விழும் மழை, குறுகிய பள்ளத்தாக்கில் விரைந்து திரளும். அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே உச்சியில் பெய்த மழை ஓடையை வெள்ளமாக்கிவிடும். மழைக்காலத்தில் வனத்துறை மலையேற்றத்தைத் தடைசெய்வது இதனாலேயே.

இப்பகுதிக் காடு, 1988இல் சாம்பல்நிற அணில் காப்பகமாகவும், 2021இல் திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் அறிவிக்கப்பட்டது. காட்டைக் காப்பது விலங்குகளுக்கு மட்டுமே உரிய நன்மையன்று. வத்திராயிருப்பு மலைகளில் பெய்யும் மழையைக் காட்டுமண் உறிஞ்சி, ஓடைகளில் மெல்லக் கசியவிடுகிறது. அந்நீர் அர்ச்சுனா ஆற்றின் வழியே சமவெளிக்கு வந்து, சாத்தூரை அடுத்த இருக்கன்குடியில் வைப்பாற்றுடன் கலக்கிறது. பின்னர் மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது.

ஆகவே, மலையேறுவோர் ஓடையில் வீசும் நெகிழிப்பை மலையோடு நின்றுவிடுவதில்லை. அது நீரின் வழியே ஊரைத் தேடி வரும். வாயிலைத் தூய்மையாக வைத்திருப்பது வீட்டுக்குரியோர் கடமை. மலைவாயிலுக்கு உரியோர் மலையில் வாழ்வோர் மட்டுமல்லர். ஆற்றின் இறுதிவரை வாழும் அனைவருமே.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர் ஆறு அல்லது கண்மாய்க்கு நீர் வரும் வழியைப் பெரியோரிடம் கேட்டறிந்து, வரைபடமாக வரைந்து வகுப்பில் விளக்குக.