பூட்டியவரே திறப்பாரா? கர்னலில் செமஃபோரும் மியூடெக்ஸும்

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை ஒட்டிக் கடந்தது. ஜவ்வாது மலையில் காவலூரில் இருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி, கோளின் வட்டுக்கு வெளியிலேயே அந்த விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கியதைப் பதிவு செய்தது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது அன்று பல இடங்களில் பதிவான இத்தகைய மங்கல்களிலிருந்துதான் தெரியவந்தது. அப்படிப்பட்ட நொடிகளைக் கோட்டைவிட்டால் மறுநாள் போய்ப் பிடிக்க முடியாது. ஆகவே இப்படி ஒரு தொலைநோக்கியை ஓட்டும் கணினிக்கு நாமே ஒரு சிறு கர்னல் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். விண்மீனைப் பின்தொடரும் பணிக்கு முன்னுரிமை மிக அதிகம். கேமராப் படத்தை வாங்கி வட்டில் எழுதும் பணியும், திரையில் காட்டும் பணியும் நடுத்தரம். காற்றையும் ஈரப்பதத்தையும் குறித்துவைக்கும் வானிலைப் பணி கடைசி. இவை எல்லாம் ஒரே நினைவகத்தைத் தொடுகின்றன. ஒன்றையொன்று இடிக்காமல் ஓட எந்தக் கருவியைத் தருவது என்பதுதான் கேள்வி.

பாடநூல் படித்துவிட்டு வருபவர் உடனே செமஃபோர் என்பார். ஓர் எண், ஒரு காத்திருப்பு வரிசை, குறைக்க ஒரு செயல், கூட்ட ஒரு செயல். எல்லாச் சிக்கலையும் இதிலேயே கட்டிவிடலாம். கட்டலாம்தான். ஆனால் எல்லாவற்றையும் செய்யவல்ல கருவி, நாம் எதற்காக அதைக் கையில் எடுத்தோம் என்பதைக் கர்னலுக்குச் சொல்வதில்லை. தேர்வு செய்ய வேகத்தையும் அளவையும் ஒப்பிடுவதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்வது நல்லது: பூட்டிய பணியேதான் திறக்கப் போகிறதா, அல்லது வேறொருவர் திறக்க வேண்டுமா? தொலைநோக்கி இப்போது எங்கே பார்க்கிறது என்ற ஆயத்தொலைவு அட்டவணையை ஒரு பணி பூட்டும், படிக்கும், தானே திறக்கும். இங்கே மியூடெக்ஸ், அதாவது பூட்டியவரே திறக்கும் பூட்டு, வேண்டும். ‘படம் எடுத்து முடிந்தது’ என்று கேமராவின் இன்டரப்ட் சொல்ல, அதற்காக வேறொரு பணி காத்துக் கிடக்கிறது என்றால் அங்கே பூட்டு என்ற பேச்சே இல்லை. தொடக்க மதிப்பு பூஜ்யமாக உள்ள செமஃபோர் பொருந்தும். படங்களை வைக்க நான்கு பஃபர்கள் உண்டு, எடுப்பவர் ஒருவர், காலி செய்து திருப்பித் தருபவர் இன்னொருவர் என்றால் நான்கில் தொடங்கும் எண்ணும் செமஃபோர். அதன் பிறந்த வீடே அதுதான்.

தொடக்க மதிப்பு ஒன்றாக வைத்த செமஃபோரும் மியூடெக்ஸும் நடைமுறையில் ஒன்றுதானே, எதற்கு இரண்டு என்பது வழக்கமான ஆட்சேபம். எல்லாம் ஒழுங்காக ஓடும் நேரத்தில் ஒன்றுதான். கோளாறு வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். வானிலைப் பணி ஆயத்தொலைவு அட்டவணையைப் பூட்டியிருக்கும் நேரத்தில் திரைப் பணி எழுந்து செயலியைப் பிடுங்கிக்கொள்கிறது. பின்தொடரும் பணிக்கு அதே அட்டவணை வேண்டும். பூட்டு வானிலைப் பணியிடம். வானிலைப் பணிக்கோ செயலி கிடைப்பதில்லை. மிக முக்கியமான பணி, அந்த அட்டவணைக்கே சம்பந்தமில்லாத நடுத்தரப் பணி ஒன்றுக்காகக் காத்திருக்கிறது. வானம் நொடிக்குச் சுமார் 15 கோண விநாடி நகர்கிறது. மோட்டாரின் ஒவ்வொரு அடியையும் நிரலே சொல்லும் அமைப்பில் கால் நொடித் தாமதம் வந்தாலே விண்மீன் நிறமாலைமானியின் பிளவை விட்டு வெளியே போய்விடலாம். 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் கணினி மீண்டும் மீண்டும் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொண்டதற்குக் காரணம் இதே முன்னுரிமைத் தலைகீழ்தான். அங்கும் பூட்டை வைத்துக்கொண்டு நின்றது ஒரு வானிலைப் பணி என்பது வேடிக்கையான பொருத்தம்.

இதற்கு மருந்து, பூட்டை வைத்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கடன் கொடுப்பது. லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோட்ஸ்கி மூவரும் 1990இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு முறையான கணக்கைத் தந்தது. கடன் கொடுக்க வேண்டுமானால் பூட்டு யாரிடம் என்பது கர்னலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மியூடெக்ஸுக்கு உரிமையாளர் உண்டு. செமஃபோருக்கு இல்லை, அது வெறும் எண். பாத்ஃபைண்டரில் ஓடிய விஎக்ஸ்வொர்க்ஸ் இயக்குதளம் பரஸ்பர விலக்குக்கும், இருமதிப்புக்கும், எண்ணுவதற்கும் செமஃபோரில் மூன்று தனி வகைகளை வைத்திருந்தது. மியூடெக்ஸான முதல் வகையில் முன்னுரிமைக் கடனை இயக்கும் தேர்வு அணைந்து கிடந்தது. பூமியிலிருந்து அதை இயக்கியதும் நோய் தீர்ந்தது. அங்கே வெறும் எண்ணும் செமஃபோர் இருந்திருந்தால் இயக்குவதற்கு அப்படி ஒரு தேர்வே இருந்திருக்காது. லினக்ஸும் இதே பாதையில்தான் வந்தது. 2006இல் 2.6.16 பதிப்பில் தனி மியூடெக்ஸ் சேர்ந்தது. 2024இல் முதன்மைக் கர்னலில் முழுமையடைந்த நிகழ்நேர ஆதரவை இயக்கினால் மியூடெக்ஸ்கள் முன்னுரிமைக் கடனைப் பெறுகின்றன. உரிமையாளர் இல்லாத காரணத்தால் செமஃபோர்கள் அங்கும் பழையபடியே விடப்பட்டன.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. செமஃபோரை உருவாக்கிய டைக்ஸ்ட்ராவின் குழு ஐந்தோவனில் கட்டி 1968இல் விவரித்த இயக்குதளம் செமஃபோரை மட்டுமே வைத்துக்கொண்டு ஓடியதே? ஓடியது. ஆனால் அந்தக் கட்டுரையையே கவனித்துப் படித்தால், ஒன்றில் தொடங்கும் பரஸ்பர விலக்குச் செமஃபோர் ஒரு பக்கம், ஒவ்வொரு ப்ராசஸுக்கும் சொந்தமாய்ப் பூஜ்யத்தில் தொடங்கும் தனிச் செமஃபோர் மறுபக்கம் என்று பயன்பாட்டை அவர்களே பிரித்து வைத்திருப்பது தெரியும். தனிச் செமஃபோரில் அதன் சொந்தக்காரர் மட்டுமே காத்திருக்கலாம் என்பது விதி. கருவி ஒன்றாக இருந்தாலும் ஒழுக்கம் இரண்டாக இருந்தது. எழுதுபவர் கைவிரல் எண்ணிக்கையில் இருக்கும்வரை ஒழுக்கம் மனத்தில் நிற்கும். பிறகு அதைக் கர்னலே கவனிக்க வேண்டியிருக்கிறது.

எதைத் தேர்ந்தாலும் அடியில், கிடைக்கும்வரை தூங்காமல் சுற்றிச் சுற்றிக் காத்திருக்கும் ஸ்பின்லாக் ஒன்று தேவை, ஏனென்றால் எண்ணையும் வரிசையையும் சேர்த்துக் காக்க வேண்டும். இங்கேதான் கை தவறுகிறது. காத்திருக்க வந்த பணி எண்ணைப் பார்க்கிறது, பூஜ்யம். சரி, தூங்கலாம் என்று முடிவெடுத்து வரிசையில் சேர்வதற்குள் கேமராவின் இன்டரப்ட் வந்து எண்ணை ஒன்றாக்குகிறது, வரிசை காலி, எழுப்ப யாரும் இல்லை, இன்டரப்ட் போய்விடுகிறது. பணி அதன்பின் நிம்மதியாகத் தூங்கப் போகிறது. படம் தயார், எடுக்க ஆளில்லை. ஆகையால் எண்ணைப் பார்ப்பது, வரிசையில் சேர்வது, தூங்குவதாகக் குறித்துக்கொள்வது மூன்றும் ஒரே பூட்டுக்குள் நடக்க வேண்டும். கூட்டும் செயல் இன்டரப்டிலிருந்தும் வரும் என்பதால் அந்தப் பூட்டை இன்டரப்டை நிறுத்திவிட்டே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பூட்டை வைத்திருக்கும் அதே செயலிமேல் இன்டரப்ட் வந்து, ஒருநாளும் திறக்காத பூட்டுக்காகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒற்றைச் செயலியில் இன்டரப்டை நிறுத்தினாலே போதும். சென்னை ஐஐடியின் சக்தி போன்ற ரிஸ்க்-ஃபைவ் செயலியைப் பல கோர்களோடு வைத்தால் அணுநிலை மாற்றுக் கட்டளையும் கட்டாயம்.

எழுப்புவதிலும் இரண்டு வழி. எண்ணைக் கூட்டிவிட்டு எல்லாரையும் எழுப்பி, முந்தியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று விடலாம். எழுத எளிது, ஆனால் ரேஷன் கடையில் டோக்கனோடு நிற்பவரைத் தாண்டி இப்போது வந்தவருக்குச் சாமான் போடுவது போல ஆகிவிடும். லினக்ஸ் செமஃபோர் எண்ணைத் தொடாமல் வரிசையின் முதல் ஆளிடமே அனுமதியைக் கொடுத்து எழுப்புகிறது. நம் பஃபர்களுக்கு இதுவே என் தேர்வு. வேகம் கொஞ்சம் குறையலாம், ஆனால் எந்தப் படமும் பட்டினி கிடக்காது.

நிகழ்வு ஒன்று முடிந்ததைச் சொல்லச் செமஃபோர் பொருந்தும் என்று மேலே சொன்னதில் ஒரு விலக்கு உண்டு. காத்திருப்பவர் அந்தச் செமஃபோரைத் தன் ஸ்டாக்கிலேயே வைத்திருந்தால், எழுந்த கையோடு செயலிலிருந்து திரும்பி அந்த இடத்தை விட்டுவிடுவார். எழுப்பியவரோ இன்னொரு கோரில் அதே செமஃபோரைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். 2001இல் லினக்ஸ் 2.4.7இல் ‘கம்ப்ளீஷன்’ என்ற தனிக் கருவி வந்ததற்கு இந்தப் பந்தயமும் ஒரு காரணம். நம் கர்னலில் கேமராச் செமஃபோரை நிலையான நினைவகத்தில் வைத்துவிட்டால் தனிக் கருவி தேவைப்படாது. கால வரம்பு மட்டும் அவசியம். மலைமேல் ஈரத்தில் ஷட்டர் சிக்கிக்கொண்டால் ‘முடிந்தது’ என்ற இன்டரப்ட் வராது, வரம்பில்லாமல் காத்திருக்கும் பணி விடியும்வரை அங்கேயே கிடக்கும். வெளிச்சப்பதிவு நேரத்தோடு சில நொடிகள் கூட்டி வரம்பாக வைத்து, அது தாண்டினால் பிழை என்று திருப்பி அனுப்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது வரிசையிலிருந்து தன் பெயரை நீக்குவதையும் அதே ஸ்பின்லாக்குக்குள் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் தாமதமாக வரும் இன்டரப்ட், அங்கே இல்லாத ஆளை எழுப்பப் பார்க்கும்.